குஞ்சுத் தொட்டியில் தொங்கும் வெப்பமானி

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர்களிடம் இங்குள்ள பருவங்களைப் பற்றிக் கேட்டால், வெயில் காலம் ஒன்று, அதைவிட வெயில் கூடிய காலம் இன்னொன்று என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கப்பல் பட்டறையில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, பழைய நண்பர் ஒருவர் புலாவ் உபின் தீவுக்கு அருகே, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலுள்ள ஜொகூர் நீரிணையில் நடத்திவரும் மிதவை மீன் பண்ணைக்கு வாரத்தில் நான்கு நாட்கள் உதவிக்குப் போகத் தொடங்கினேன். அப்போதும் தண்ணீரின் வெப்பநிலை நான் கவலைப்பட வேண்டிய விஷயமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது நார்வேக்காரர்களும் கனடாக்காரர்களும் படவேண்டிய கவலை, நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி வடக்கே இருக்கும் நமக்கு ஆண்டு முழுவதும் ஒரே வெந்நீர்தானே என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பைக் கலைத்தது ஒரு ஜனவரி மாதத்து மழை. கடலில் விடும் அளவுக்கு வளராத கொடுவாக் குஞ்சுகளை, மிதவையின் மேல் தகரக் கூரைக்குக் கீழே வைத்திருக்கும் வட்டமான ஃபைபர் தொட்டிகளில்தான் முதல் சில வாரங்கள் வளர்க்கிறோம். நோய்க்கு அஞ்சி, கடல்நீரை வடிகட்டி நிரப்பி, நாளுக்கு ஒரு பகுதியை மட்டுமே மாற்றுவோம். அதனால் தொட்டித் தண்ணீரின் வெப்பம் கடலின் வெப்பத்தோடு ஒத்துப் போவதில்லை. வெயிலில் கடலைவிட விரைவாகச் சூடேறும், காற்றிலும் மழையிலும் கடலைவிட விரைவாகக் குளிரும். அந்த ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று வலுத்து மூன்று நாட்கள் விடாமல் மழை பெய்தது. அதற்கு முந்தைய வாரம் வரை கை நிழல் பட்டாலே மேலே பாய்ந்து வந்து தீனியைப் பறித்த குஞ்சுகள், தொட்டியின் அடியில் கூட்டமாக ஒதுங்கி நின்றன. போட்ட தீனி அப்படியே அமிழ்ந்தது.

நான் செய்த தவறு, தீனி மூட்டையோடு வந்த அட்டவணையை நம்பியது. குஞ்சின் எடைக்கு இத்தனை விழுக்காடு, நாளுக்கு இத்தனை வேளை என்று அதில் அச்சிட்டிருந்ததை, வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஆறு வேளையும் அளந்து போட்டேன். சாப்பிடாததைக் கண்டபோது தீனிதான் கெட்டுவிட்டது என்று எண்ணி வேறு மூட்டையைப் பிரித்தேன். நான்காம் நாள் காலையில் தண்ணீர் கலங்கி, மேற்பரப்பில் நுரை கட்டி, சில நூறு குஞ்சுகள் மிதந்தன. எங்களோடு வேலை பார்க்கும் நாகப்பட்டினத்துத் தம்பி, “அங்கிள், தண்ணில கைய வுட்டுப் பாருங்க, ஐஸா இருக்கு,” என்றான். ஊரில் இருந்திருந்தால் என்னைப் பெரியப்பா என்று அழைத்திருப்பான்; இங்கு வந்த ஆறு மாதத்தில் அது அங்கிள் ஆகிவிட்டது. வெப்பமானியைத் தேடி எடுத்துத் தொட்டியில் விட்டபோது 25 டிகிரி செல்சியஸ் காட்டியது. அதற்கு முந்தைய வாரத்தில் அதே தொட்டி 30 டிகிரியில் இருந்தது.

ஐந்து டிகிரி என்பது நமக்கு ஒரு போர்வைக் கணக்கு. மீனுக்கு அப்படியன்று. சூரை போன்ற சில மீன்களைத் தவிர மற்ற மீன்களுக்கு உடல் சூடு என்று தனியாக ஒன்று கிடையாது. சுற்றியுள்ள தண்ணீரின் சூடுதான் அவற்றின் இரத்தத்தின் சூடு, குடலின் சூடு, தசையின் சூடு எல்லாம். உடலுக்குள் நடக்கும் வேதிவினைகளின் வேகம் வெப்பத்தைச் சார்ந்தது என்பதால், தண்ணீர் 10 டிகிரி கூடினால் மீனின் அடிப்படை உயிர்ச் செயல்களின் வேகம் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று மடங்கு ஆகிறது. குளிர்ந்தால் அதே கணக்கில் குறைகிறது. செரிமானச் சுரப்புகள் மெதுவாக வேலை செய்யும். இரைப்பை காலியாக நெடுநேரம் ஆகும். இரைப்பை காலியாகாமல் பசி எழுவதில்லை. ஆக, என் தொட்டிக் குஞ்சுகள் தீனியை வெறுக்கவில்லை. முந்தைய வேளை தின்றதையே அவை இன்னும் செரித்து முடித்திருக்கவில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 25 டிகிரி என்பது கொடுவாவுக்குக் கொடுங்குளிர் அன்று. அந்த வெப்பத்தில் பழகிய கொடுவா நிதானமாகத் தின்று நிதானமாக வளரும். 20 டிகிரிக்குக் கீழே போனால்தான் தீனி எடுப்பது பெருமளவு அடங்கிவிடும். ஆனால் 30 டிகிரியில் பழகிய குஞ்சை இரண்டு மூன்று இரவுகளில் 25க்கு இறக்கினால், அதன் உடல் புதிய வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளப் பல நாட்கள் பிடிக்கும். இடைப்பட்ட நாட்களில் அது பசியும் இழக்கும், நோயை எதிர்க்கும் வலிமையும் இழக்கும். எனவே எத்தனை டிகிரி என்று கேட்பதோடு, நேற்றைக்கும் இன்றைக்கும் எத்தனை டிகிரி வேறுபாடு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அட்டவணையில் முதல் கேள்விக்காவது ஒரு கட்டம் இருந்தது. இரண்டாவது கேள்விக்கு இடமே இல்லை.

அந்த இழப்புக்குப் பிறகு நான் நூலகத்திலும் வேறு இடங்களிலும் தேடிப் படித்ததில், என்னை மிகவும் யோசிக்க வைத்தது 1969ஆம் ஆண்டில் வெளியான ஒரு கனடிய ஆய்வு. ஜே. ஆர். பிரெட் என்பவரும் அவருடைய உடன் பணியாளர்களும் சாக்கை என்னும் சால்மன் வகையின் விரலளவுக் குஞ்சுகளைப் பல வெப்பநிலைகளிலும் பல தீனி அளவுகளிலும் வளர்த்துப் பார்த்தார்கள். வயிறு நிறையத் தீனி கிடைத்த குஞ்சுகள் 15 டிகிரியில் மிக நன்றாக வளர்ந்தன. தீனியைக் குறைக்கக் குறைக்க, மிக நன்றாக வளரும் வெப்பநிலையும் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று; நாளுக்கு உடல் எடையில் ஒன்றரை விழுக்காடு மட்டும் கொடுத்தபோது அது 5 டிகிரி வாக்கில் வந்து நின்றது. ஒரே மீன், ஒரே தண்ணீர். தீனியின் அளவு மாறியதும் அதற்குத் தோதான வெப்பமே மாறிவிடுகிறது.

நம் வீட்டு வரவு செலவைப் போல இதைப் பார்த்தால் எளிதில் விளங்கும். மீன் தின்னும் தீனி வரவு. மூச்சு விடவும், நீந்தவும், உடலைப் பழுது பார்க்கவும், தின்றதைச் செரிக்கவும் ஆகும் செலவு போக மிஞ்சுவதுதான் வளர்ச்சி. தண்ணீர் சூடேற ஏற, செலவு நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது. வரவும் ஏறத்தான் செய்கிறது. சூட்டில் பசி கூடுகிறது, குடல் விரைந்து காலியாகிறது. ஆனால் வரவு ஓர் உச்சத்தைத் தொட்டதும் திரும்பிச் சரிகிறது. செலவு அப்படித் திரும்புவதில்லை. ஆகவே வளர்ச்சியின் உச்சம், பசியின் உச்சத்துக்குச் சற்றுக் கீழேயுள்ள வெப்பத்திலேயே வந்துவிடுகிறது. ஒரு கிலோ தீனிக்கு எவ்வளவு மீன் எடை கிடைக்கிறது என்று கணக்குப் பார்த்தால், அதன் உச்சம் வளர்ச்சியின் உச்சத்துக்கும் கொஞ்சம் கீழே இருக்கிறது.

இந்த மூன்று உச்சங்களும் ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் பண்ணைக்காரர் பலரும் தவறவிடும் இடம் என்பது என் கருத்து. குஞ்சுகள் ஆவலாகத் தின்கின்றன என்பதைக் கண்டு, எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நாம் மகிழ்கிறோம். மே மாதத்தில் தொட்டி 32 டிகிரியில் இருக்கும்போது அவை தின்னும் வேகத்தைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அந்தத் தீனியில் கூடுதலான பங்கு சூட்டின் செலவுக்கே போய்விட்டிருக்கும். அதைவிட மோசமானது, சூடான தண்ணீரில் சிக்கனம் பார்த்துத் தீனியைக் குறைப்பது. குளிர்ந்த தண்ணீரில் அரை வயிறாக இருக்கும் குஞ்சு வளராமல் நிற்கும், அவ்வளவுதான். சூடான தண்ணீரில் அரை வயிறாக இருக்கும் குஞ்சோ தன் உடலையே கரைத்துச் செலவு செய்யத் தொடங்கிவிடும்.

குஞ்சு என்பதால் இதெல்லாம் இன்னும் கடுமையாகிறது. ஒரு கிராம் எடையுள்ள மீன், ஒரு கிலோ எடையுள்ள மீனைவிட, தன் எடையின் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய மூன்று நான்கு மடங்கு ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது. உடலில் சேமித்து வைத்திருக்கும் கொழுப்போ மிகக் குறைவு. பெரிய கொடுவா ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் வாட்டம் வெளியில் தெரியாது. பொரித்து ஒரு மாதமான குஞ்சு இரண்டு நாள் தின்னாவிட்டால் தலை பெருத்து உடல் சிறுத்துப் போய்விடும். முட்டையிலிருந்து வெளிவந்த முதல் நாட்களில் நிலைமை இதைவிட நெருக்கடியானது. 28 முதல் 30 டிகிரி வரையுள்ள நீரில் கொடுவா முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும்; கூடவே கொண்டுவரும் மஞ்சள்கருப் பை மூன்றாம் நாள் வாக்கில் தீர்ந்துவிடும். அதற்குள் ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரியைத் தின்னக் கற்றிருக்க வேண்டும். தண்ணீர் இன்னும் சூடாக இருந்தால் அந்த மஞ்சள்கரு இன்னும் சீக்கிரம் கரையும். பழகுவதற்குக் கிடைக்கும் மணிநேரங்களும் குறையும்.

அதே சமயம், இளம் மீன்கள் பெரியவற்றைவிடச் சற்றுக் கூடுதலான வெப்பத்தை விரும்புகின்றன என்பதும் பல மீன் இனங்களில் காணப்பட்ட உண்மை. காட் என்னும் குளிர்கடல் மீனில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஐஸ்லாந்தில் நடந்த ஆய்வுகளின்படி, சில கிராம் எடையுள்ள குஞ்சு 15 டிகிரிக்கு மேல் மிக விரைவாக வளர்கிறது, இரண்டு கிலோ எடையை எட்டும்போது அதற்கு 7 டிகிரி வாக்கிலுள்ள தண்ணீரே தோதாகிவிடுகிறது. கொடுவாவில் இவ்வளவு பெரிய இடைவெளியை எதிர்பார்க்க முடியாது. அது பிறவியிலேயே வெப்ப நாட்டு மீன். குஞ்சுப் பருவத்தில் 26 முதல் 32 டிகிரி வரையில் நன்றாகத் தின்று வளரும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் கொடுவாக் குஞ்சுகளை 39 டிகிரி வரைகூட வைத்துச் சோதித்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில் அவற்றின் பசியும் வளர்ச்சியும் விழுந்தன என்றாலும், அவை அதைத் தாங்கின என்பதே எனக்கு வியப்பாக இருந்தது.

அப்படியானால் சிங்கப்பூரில் கவலை எதற்கு என்று கேட்கலாம். நம் கடலின் மேற்பரப்பு டிசம்பர், ஜனவரியில் 27 அல்லது 28 டிகிரி வாக்கிலும், மே, ஜூனில் 30 டிகிரிக்கு மேலும் இருக்கும். இவை எல்லாமே கொடுவாவுக்குப் பிடித்த எல்லைக்குள் அடங்கியவைதானே. ஆம், ஆனால் அந்த எல்லைகளைக் கண்டறிந்த ஆய்வகத் தொட்டிகளில் ஆக்ஸிஜன் குறையாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் மிதவையில் அந்த வசதி இல்லை. எங்கள் ஊரில் வெப்பநிலைக் கேள்வி என்பது முகமூடி போட்டுக்கொண்டு வரும் ஆக்ஸிஜன் கேள்விதான்.

கணக்கைப் பார்ப்போம். எங்கள் பக்கத்துக் கடல்நீரின் உப்புத்தன்மையில், 26 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 6.8 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ள முடியும். 32 டிகிரியில் அது 6.2 மில்லிகிராம் அளவுக்குக் குறைகிறது. பத்தில் ஒரு பங்கு இழப்பு. அதே ஆறு டிகிரியில் குஞ்சின் உடல் கேட்கும் ஆக்ஸிஜனோ, பத்து டிகிரிக்கு இரண்டு மடங்கு என்ற குறைந்த கணக்கை வைத்தாலும், பாதிக்குப் பாதி கூடுகிறது. கடை சரக்கைக் குறைக்கிற நாளில்தான் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார். 1947இல் எஃப். இ. ஜே. ஃப்ரை என்ற கனடிய விலங்கியலாளர், மீனின் உயிர்ச் செயல்களுக்கு வேகம் குறிப்பது வெப்பநிலை என்றும், அந்த வேகத்துக்கு எல்லை கட்டுவது ஆக்ஸிஜன் என்றும் பிரித்து விளக்கினார். ஆங்கிலத்தில் மீன்குஞ்சுக்கு வழங்கும் சொல்லும் அவருடைய குடும்பப் பெயரும் ஒன்றே என்பதைக் கவனித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இந்த இடத்தில் தீனியும் குறுக்கே வருகிறது. சாப்பிட்ட பிறகு நமக்கு உடல் சற்றுச் சூடாவதைப் போல, தின்ற மீனின் ஆக்ஸிஜன் செலவு சில மணி நேரத்துக்கு உயர்ந்தே இருக்கும். புரதம் மிகுந்த தீனி என்றால் இந்த உயர்வும் அதிகம். கொடுவா ஊனுண்ணி என்பதால் அதன் தீனியில் புரதம் மிகுதி. வெயில் ஏறி, தொட்டி 32 டிகிரியைத் தொடும் பிற்பகலுக்குச் சற்று முன்பு வயிறு நிறையப் போட்டால், தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறையும் நேரமும், குஞ்சுக்கு அது மிகுதியாகத் தேவைப்படும் நேரமும் ஒன்றாக வந்து மோதும். நான் பார்த்திருக்கிறேன்: பன்னிரண்டு மணிக்கு ஆசையாகத் தின்ற குஞ்சுகள், இரண்டு மணிக்கு ஏர் பம்பின் குமிழ்களைச் சுற்றி மொய்த்துக்கொண்டு செவுள்களை வேகமாக அடித்துக்கொண்டிருந்தன. சில குஞ்சுகள் தின்றதைக் கக்கவும் செய்தன. அப்போது அதைக் குடல் நோய் என்று நினைத்தோம்.

கடலில் உள்ள கூண்டுகளில் நேரக் கணக்கு வேறு. அங்கே பகலில் மிதவைப் பாசிகள் ஆக்ஸிஜனை வெளிவிடும். இரவெல்லாம் அவையும் மூச்சு விட்டு அதைக் குறைக்கும். எனவே விடியற்காலைதான் ஆபத்தான நேரம். போதாக்குறைக்கு, 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலம் நீரிணையைக் குறுக்கே அடைத்துக்கொண்டு நிற்பதால், கிழக்குப் பக்கத்து நீர் மேற்கே போய்க் கலக்க வழியில்லை. அட்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற வற்றம் தணிந்து, கூண்டுகளுக்குள் தண்ணீர் நகர்வதே அரிதாகிவிடும். 2014இலும் 2015இலும் ஆண்டின் தொடக்கத்தில் பாசி பெருகி இந்த நீரிணையின் பண்ணைகளில் மீன்கள் பெருமளவில் மடிந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அது வெப்பத்தால் மட்டும் நேர்ந்ததன்று. ஆனாலும் வெப்பமும், அசையாத நீரும், பாசியும் சேரும்போது எது முதல் குற்றவாளி என்று பிரித்துச் சொல்வது கடினம்.

தின்னாமல் மிஞ்சிய தீனியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஜனவரியில் என் குஞ்சுகளைக் கொன்றது குளிர் அன்று, அடியில் அழுகிய தீனிதான். தீனியும் கழிவும் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. அதில் ஒரு பகுதி மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாத வடிவத்திலும், இன்னொரு பகுதி நச்சான வடிவத்திலும் இருக்கும். இரண்டின் விகிதத்தையும் முடிவு செய்வது தண்ணீரின் பிஎச் அளவும் (அதாவது அமில, காரத் தன்மையின் அளவும்) வெப்பமும். பிஎச் 8 உள்ள நன்னீரில், 20 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் நச்சுப் பங்கு ஏறக்குறைய 4 விழுக்காடு; 30 டிகிரியில் அது 7 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மழை விட்டு வெயில் வந்ததும் இழப்பு கூடியதற்கு விளக்கம் இதில் இருந்தது. நான்கு நாள் அழுகல் குளிரில் ஓரளவு அடங்கிக் கிடந்து, ஐந்தாம் நாள் தண்ணீர் சூடேறியதும் வேலையைக் காட்டியது. வெயில் வந்துவிட்டது, இனிக் குஞ்சுகள் பிழைத்துக்கொள்ளும் என்று நாங்கள் மூச்சு விட்ட நாள் அதுதான்.

கொடுவா வளர்ப்பவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. கொடுவாக் குஞ்சு தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளமுள்ள உடன்பிறப்பை விழுங்கிவிடும். தண்ணீர் தோதான சூட்டில் இருக்கும்போது எல்லாக் குஞ்சுகளும் விரைந்து வளர்கின்றன, ஆனால் சமமாக வளர்வதில்லை. முந்தியது இன்னும் முந்துகிறது. அதனால் சூடான மாதங்களில் வாரம் ஒரு முறை தரம் பிரித்தால் போதாது. துளையிட்ட சல்லடைப் பெட்டியில் விட்டுப் பெரியவற்றையும் சிறியவற்றையும் நான்கு நாளுக்கு ஒரு முறை பிரிக்கிறோம். ஒரு நாள் தள்ளிப் போட்டாலும் எண்ணிக்கை குறைந்திருக்கும், தொட்டியில் ஒரு பிணம்கூட மிதக்காது. கணக்கில் குறைந்த குஞ்சுகளைத் திருடு போனவை என்று சந்தேகப்பட்ட பண்ணை முதலாளி ஒருவரின் கதை எங்கள் மிதவைகளில் உலவுகிறது. திருடன் தொட்டிக்குள்ளேயே பருத்துக்கொண்டிருந்தான்.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட வெப்பம் மாற்றும் என்பதையும் படித்தேன். திலாப்பியாவில், பொரித்த முதல் வாரங்களில் தண்ணீர் 32 டிகிரிக்கு மேல் நீடித்தால் ஆண்கள் மிகுதியாகிவிடும். கொடுவா இந்த வழியில் போவதில்லை. அது ஆணாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். சந்தைக்குப் போகும் எங்கள் மீன்கள் அந்த வயதை எட்டுவதில்லை என்பதால் இது எங்களுக்கு வெறும் செய்திதான்.

இப்போது நான் எப்படித் தீனி போடுகிறேன் என்பதைச் சொல்கிறேன். தொட்டிக்கு ஒரு வெப்பமானி, நீரின் நடு ஆழத்தில், சுவரில் ஒட்டாமல் தொங்குகிறது. மேற்பரப்பில் அளந்தால் பகலில் பொய் சொல்லும். காலை ஏழு மணிக்கும், பிற்பகல் மூன்று மணிக்கும், மாலை புறப்படும் முன்பும் அளந்து எழுதுகிறோம். இரண்டு கிராம் எடையுள்ள 5,000 குஞ்சுகள் ஒரு தொட்டியில் இருந்தால் மொத்தம் பத்து கிலோ. நாளுக்கு எட்டு விழுக்காடு என்றால் 800 கிராம் தீனி. தண்ணீர் 28 முதல் 30 டிகிரிக்குள் நிலையாக இருக்கும் நாட்களில் மட்டுமே இந்த 800 கிராமும் போகும். முந்தைய காலையைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் இறங்கியிருந்தால் முதல் வேளையைப் பாதியாக்கி, பத்து நிமிடம் நின்று பார்த்து, அடியில் ஒரு துணுக்கு கிடந்தாலும் அடுத்த வேளையை விட்டுவிடுகிறேன். மூன்று டிகிரி இறங்கினால் அன்று தீனியே இல்லை. பட்டினி நல்லதன்று என்று மேலே எழுதியது நினைவிருக்கிறது. ஆனால் குளிர்ந்த வயிற்றில் ஒரு நாள் பட்டினி, அழுகிய தொட்டியைவிட எவ்வளவோ மேல்.

சூடான நாட்களில் தீனியைக் குறைப்பதில்லை, நேரத்தை நகர்த்துகிறேன். நாளின் தீனியில் பாதிக்கு மேல் காலை பத்து மணிக்குள் சிறு சிறு பங்குகளாகப் போய்விடும். பதினொன்றிலிருந்து நான்கு வரை எதுவும் கிடையாது. மிச்சம் வெயில் தணிந்த பிறகு. இந்த முறையைத் தொடங்கியபோது, குஞ்சுகள் பகலில் பசியோடு சுற்றுகின்றன என்று தம்பி குறைபட்டுக்கொண்டான். அவன் சொன்னதும் சரிதான், அந்தப் பசியில்தான் ஒன்றை ஒன்று கடிக்கின்றன. ஆகவே பதினொரு மணிக்கு முந்தைய வேளையை நன்கு நிறைவாகப் போட்டுப் பார்த்தோம். பிற்பகலில் செவுள் அடிப்பது திரும்ப வந்தது. இரண்டு தீமைகளில் கடிபடுவதைத் தேர்ந்தெடுத்து, தரம் பிரிப்பதை நெருக்கமாக்கிக்கொண்டோம். இதற்கு நல்ல தீர்வு இருப்பதாக யாராவது சொன்னால் நான் படகேறிப் போய்க் கற்றுக்கொள்வேன்.

கரையில், கட்டடத்துக்குள், ஒரே நீரைச் சுத்திகரித்துச் சுழலவிடும் பண்ணைகளில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. பொத்தானைத் திருகி 28 டிகிரியில் நிறுத்திவிடுகிறார்கள். மின்கட்டணத்தை நினைத்தால் எங்களுக்கு அது எட்டாக் கனி. நாங்கள் செய்தது, தகரக் கூரைக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி விட்டு நிழல்வலை கட்டியது, தொட்டிகளின் வெளிச்சுவரில் தெர்மாகோல் சுற்றியது, பாதி நிரப்பிய தொட்டிகளை விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரை நிரப்பியது. மூன்றாவதுதான் மிகுந்த பயன் தந்தது, அதற்குச் செலவும் இல்லை. நீரின் அளவு இரட்டிப்பானதும் காலைக்கும் பிற்பகலுக்கும் இடையிலான ஏற்ற இறக்கம் பாதியாகச் சுருங்கியது. ஆழம் குறைந்தால் குஞ்சுகளைப் பார்ப்பது எளிது என்று அதுவரை பாதியே நிரப்பிவந்தோம்.

தொட்டியைத் திருத்தலாம், கடலைத் திருத்த முடியாது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளிலும் அண்மையில் 2024லும் சிங்கப்பூர்க் கடலில் பவளங்கள் வெளுத்தது, நீர் வழக்கத்தைவிடச் சூடேறி நீடித்ததால்தான். பவளத்தை வெளுக்கச் செய்யும் அதே ஒரு டிகிரி, என் கூண்டுக்குப் போகும் விரலளவுக் குஞ்சைக் கொல்லாது. அதன் பசியைக்கூடக் குறைக்காது. தீனியில் மிஞ்சுவதைத்தான் குறைக்கும். இந்த இழப்பு பிணமாக மிதப்பதில்லை என்பதால், ஆண்டிறுதியில் தீனிக் கணக்கையும் மீன் எடையையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

வரும் வியாழக்கிழமை புதிய குஞ்சுகள் வருகின்றன. பொரிப்பகத்தில் அவற்றை ஒரு நாள் பட்டினி போட்டு, ஆக்ஸிஜன் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் தண்ணீரைச் சற்றுக் குளிர்வித்து அனுப்புவார்கள். குளிரில் மூச்சும் கழிவும் குறையும் என்பதால் பயணத்துக்கு அதுதான் நல்லது. முன்பெல்லாம் பை வந்ததும் அவிழ்த்துத் தொட்டியில் கொட்டிவிட்டு, பசியோடு வந்த பிள்ளைகள் என்று உடனே தீனியும் தூவுவோம். இப்போது பைகளை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, உள்ளேயும் வெளியேயும் வெப்பமானி வைத்து, வேறுபாடு ஒரு டிகிரிக்குள் வந்த பிறகே அவிழ்க்கிறோம். இந்த வாரம் மழை இருக்கும் என்று வானிலை அறிக்கை சொல்கிறது. தொட்டி இன்று காலை 27.5 காட்டியது. தம்பி தீனி வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வெப்பமானியைப் பார்த்த பிறகுதான் அதை நிமிர்த்துவோம்.